எண்ணும் அலகும்

கடைக்குச் சென்ற சிறுவன் ஒருவன், "ஐந்து கொடுங்கள்" என்று கேட்கிறான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதில் ஐந்து, தம்பி? கிலோவா, லிட்டரா, ஐந்து ரூபாய்க்கா?" என்று வினவுகிறார். சிறுவன் விடை தெரியாமல் விழிக்கிறான். வீட்டில் தாய் சொல்லியனுப்பியது முழுவதும் அவன் நினைவில் இல்லை; ஐந்து என்பது மட்டுமே நிற்கிறது. அதனால் பயன் யாது? அவன் மீண்டும் வீட்டிற்கு ஓடித்தான் ஆகவேண்டும்.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. 'எவ்வளவு' என்பதைக் கூறுவது எண். 'எதில் எவ்வளவு' என்பதைக் கூறுவது அலகு. இரண்டும் சேர்ந்தால்தான் அளவு என்பது பிறக்கும். அலகு இல்லாத எண், முகவரி எழுதாத மடலை ஒக்கும். உள்ளே எழுத்தெல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அது சேரவேண்டிய இடத்தைச் சேராது.

கடைக்காரர் மனிதர், ஆதலால் ஐயம் எழுந்தவுடன் கேட்டார். கணிப்பொறியோ கேட்பதில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. பெருக்கச் சொன்னால் பெருக்குகிறது. வகுக்கச் சொன்னால் வகுக்கிறது. பதினைந்து இலக்கம் வரையில் நுட்பமாக விடை தருகிறது. ஆனால் அவ்விடை கிலோகிராமா, பவுண்டா என்பதைச் சொல்லிக் கொடுத்தாலன்றி அது அறியாது. அதன் விரைவையும் நுட்பத்தையும் கண்டு வியக்கும் மனிதர், அதன் இவ்வறியாமையை மறந்துவிடுகின்றனர். அவ்வாறு மறந்ததனால் நேர்ந்த இடர்கள் சில உண்டு. அவற்றுள் இரண்டு, கணிதம் பயில்வோர் அனைவரும் அறியத்தக்கவை.

1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள், கனடா நாட்டில் மாண்ட்ரியல் நகரிலிருந்து பயணிகள் விமானம் ஒன்று புறப்பட்டது. ஒட்டாவா வழியாக எட்மண்டன் நகரை அடையவேண்டிய விமானம் அது. போயிங் 767 என்னும் புதுவகையைச் சேர்ந்தது. பயணிகள் 61 பேரும் பணியாளர் 8 பேரும் அதில் இருந்தனர். ராபர்ட் பியர்சன் என்பவர் தலைமை விமானி. மாரிஸ் குவின்டால் துணை விமானி. கனடா அப்பொழுது பழைய ஆங்கில அளவைகளை விட்டு மெட்ரிக் அளவைகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் பழைய விமானங்களுக்கெல்லாம் எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டனர். இப்புதிய விமானத்திற்கோ கிலோகிராமில் கணக்கிடவேண்டும்.

அன்று எரிபொருளின் அளவைக் காட்டும் கருவி பழுதுற்றிருந்தது. ஆகவே, தொட்டியில் அளவுகோல் இட்டுப் பார்த்தனர். 7,682 லிட்டர் எரிபொருள் இருந்தது. பயணத்திற்குத் தேவையானது 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராம் ஆக்கவேண்டுமாயின், ஒரு லிட்டரின் நிறையால் பெருக்கவேண்டும். அந்நிறை யாது? கையிலிருந்த தாளில் 1.77 என்று குறித்திருந்தது. அதைக்கொண்டு பெருக்கினர், 13,597 என்று வந்தது. 22,300-இலிருந்து அதைக் கழித்தனர், 8,703 எஞ்சியது. அதனை மீண்டும் 1.77-ஆல் வகுத்தனர், 4,917 என்று கிடைத்தது. அத்தனை லிட்டர் எரிபொருளை ஊற்றிக்கொண்டு விமானம் புறப்பட்டது.

பெருக்கலில் பிழை இல்லை. கழித்தலில் பிழை இல்லை. வகுத்தலிலும் பிழை இல்லை. எவர் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். பின் பிழை எங்கே இருந்தது? ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை 1.77 என்பது பவுண்டுக் கணக்கு. பவுண்டு என்பது தமிழில் இராத்தல் என்று வழங்கப்பெற்ற பழைய நிறை. கிலோகிராமில் சொன்னால், ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.8 கிலோகிராமே ஆகும். ஆகவே, 13,597 என்று வந்தது பவுண்டு. அதை அவர்கள் கிலோகிராம் என்று கொண்டனர். ஊற்றவேண்டியது ஏறத்தாழ 20,000 லிட்டர். ஊற்றியதோ 4,917 லிட்டர். தேவையானதில் பாதிகூட இல்லாமல் அவ்விமானம் வானில் ஏறியது. இடைவழியில் ஒட்டாவாவிலும் எரிபொருளை அளந்து பார்த்தனர். அங்கும் அதே 1.77-ஐக் கொண்டே பெருக்கினர். ஒரே பிழையை இருமுறை செய்தால் இரண்டு விடைகளும் ஒத்துப்போகும் அல்லவா? அந்த ஒற்றுமையே அவர்களுடைய ஐயத்தைப் போக்கிற்று.

விமானத்தில் கணிப்பொறி ஒன்றும் இருந்தது. எரிபொருள் காட்டும் கருவி பழுதுற்றமையால், 22,300 கிலோகிராம் இருக்கிறது என்று விமானிகளே அதற்குத் தெரிவித்தனர். அது அப்படியே நம்பிற்று. எரிந்தது போக இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று வழிநெடுகக் கணக்கிட்டுக் காட்டிக்கொண்டே வந்தது. தொட்டி வறண்டுகொண்டிருந்தது, திரையிலோ எரிபொருள் வேண்டிய அளவு இருந்தது.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபொழுது எச்சரிக்கை ஒலி எழுந்தது. சிறிது நேரத்தில் இடப்புற எஞ்சின் நின்றது. பின்பு வலப்புற எஞ்சினும் நின்றது. எஞ்சின்களிலிருந்து மின்னாற்றல் பெறும் கருவிகளிற் பல ஒளியிழந்தன. பேரிரைச்சலோடு செல்லவேண்டிய பெருவிமானம் ஓசையின்றிக் காற்றில் மிதந்து இறங்கத் தொடங்கியது. நல்வினையாகப் பியர்சன், எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். குவின்டாலோ முன்பு விமானப்படையில் பணியாற்றியவர். ஜிம்லி என்னும் சிற்றூரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளம் ஒன்று இருப்பதை அவர் அறிவார். அத்தளத்தை நோக்கி விமானத்தைத் திருப்பினர். ஆனால் அங்கு ஓடுபாதையின் ஒரு பகுதி பந்தயத் தடமாக மாற்றப்பட்டிருந்தது. அன்று அங்கே கார்ப் பந்தயச் சங்கத்தார் தம் குடும்பத்தோடு கூடியிருந்தனர். முன்சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொள்ளவில்லை. தரையைத் தொட்டவுடன் அது மடங்கிற்று. விமானத்தின் மூக்கு தரையில் தேய்ந்துகொண்டே சென்று, மக்கள் கூடியிருந்த இடத்திற்கு முன்பே நின்றது. 69 பேரும் உயிர் பிழைத்தனர். சிலர் இறங்கும்பொழுது சிறு காயம் அடைந்தனர், அவ்வளவே.

விமானிகளின் திறமையாலும் நற்பேற்றாலும் அன்று உயிர்கள் தப்பின. அடுத்து நேர்ந்த இடரில் உயிர்ச்சேதத்திற்கு இடமில்லை. ஏனெனில் அது ஆளில்லாத விண்கலம். ஆனால் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் ஒருநாளில் அழிந்தன.

செவ்வாய்க் கோளின் பருவநிலையை ஆராய்வதற்காக அமெரிக்க நாட்டின் விண்வெளி நிறுவனமான நாசா, 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஒரு விண்கலத்தை அனுப்பியது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்பது அதன் பெயர். ஒன்பது திங்களுக்கு மேலாக அது விண்வெளியில் பயணம் செய்தது. வழியில் கலத்தின் நிலையைச் சீர்செய்வதற்காகச் சிற்றெஞ்சின்களை அடிக்கடி இயக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை இயக்கும்பொழுதும் கலம் சிறிதளவு தள்ளப்படும். அத்தள்ளுதலைக் கணத்தாக்கு என்பர். அதனைக் கணக்கிடுவதற்குப் பூமியில் ஒரு மென்பொருள் இருந்தது. அது கணக்கிட்ட எண்களை ஒரு கோப்பில் எழுதிவைக்கும்; வழிகாட்டும் அறிஞர் அவ்வெண்களைக்கொண்டு கலம் செல்லும் பாதையைக் கணிப்பர்.

கோப்பிலுள்ள எண்கள் நியூட்டன்-வினாடி என்னும் அலகில் இருக்கவேண்டும் என்று முன்னரே வரையறுத்திருந்தனர். ஆனால் மென்பொருள் எழுதியதோ பவுண்டுவிசை-வினாடி என்னும் ஆங்கில அலகில். ஒரு பவுண்டுவிசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எனவே, ஒவ்வொரு தள்ளுதலும் உண்மையில் இருந்ததைவிட நாலரை மடங்கு சிறிதாகக் கணக்கில் ஏறியது. ஒரு முறை தள்ளியதனால் கலம் பெரிதும் விலகுவதில்லை. ஆனால் துளித்துளியாய்ச் சேர்ந்து குடம் நிறைவதுபோல, ஒன்பது திங்களில் அச்சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழை ஆயின. செவ்வாயின் தரைக்கு மேல் ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் கலம் செல்லும் என்று எதிர்பார்த்தனர். 80 கிலோமீட்டருக்குக் கீழே சென்றால் அது பிழைக்காது. 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அது செவ்வாயை நெருங்கிக் கோளின் பின்னே மறைந்தது. மீண்டும் அதனிடமிருந்து செய்தி வரவில்லை. பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தபொழுது, அது 57 கிலோமீட்டர் உயரத்திற்குத் தாழ்ந்து சென்றது என்பது புலனாயிற்று.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர் எண்களைக் கண்டிருப்பர். எண்கள் ஒழுங்காகவே இருந்தன. அவற்றின் அருகே அலகு மட்டும் இல்லை. எழுதிய மென்பொருள் ஒன்றை எண்ணி எழுதிற்று. படித்த மென்பொருள் மற்றொன்றை எண்ணிப் படித்தது. இரண்டிற்கும் இடையே நின்று, "எதில் ஐந்து, தம்பி?" என்று கேட்பதற்குக் கடைக்காரர் ஒருவர் இல்லை.

இத்தகைய பிழையைத் தடுப்பதற்கு வழி உண்டா? உண்டு, அவ்வழி கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கண்டறியப்பட்டது. ஜோசப் ஃபூரியே என்னும் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர், 1822-ஆம் ஆண்டில் வெப்பத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சமன்பாட்டில் கூட்டப்படும் உறுப்புகளெல்லாம் ஒரே பரிமாணம் உடையனவாய் இருத்தல் வேண்டும் என்பதை அந்நூலில் அவர் விளக்கினார். நீளத்தோடு நீளத்தைக் கூட்டலாம். காலத்தோடு காலத்தைக் கூட்டலாம். நீளத்தோடு காலத்தைக் கூட்டுதல் இயலாது. ஐந்து மீட்டரும் மூன்று வினாடியும் சேர்ந்து எட்டு ஆகா. ஆனால் நீளத்தைக் காலத்தால் வகுக்கலாம். அப்பொழுது விரைவு என்னும் புதிய அளவு பிறக்கிறது. ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் என்னும் பேரறிஞர் பின்னாளில், நீளம், நிறை, காலம் ஆகியவற்றைக் குறிகளால் எழுதி இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார்.

இந்நெறியைக் கணிப்பொறிக்கும் கற்பிக்கலாம் என்பதை மென்பொருள் அமைப்போர் உணர்ந்தனர். 1957-ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்ட்ரான் முதலிய பழைய கணிப்பொறி மொழிகள் எண்ணை மட்டுமே அறிந்தவை. பின்னர் வந்த மேத்கேட் போன்ற கணித மென்பொருள்களில், எண்ணை எழுதும்பொழுதே அதன் அலகையும் உடன் எழுதலாம். குனூ யூனிட்ஸ் என்னும் சிறு மென்பொருள், அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றித் தருவதற்கென்றே அமைந்தது. ஓர் ஏக்கருக்கு எத்தனை மீட்டர் என்று அதனிடம் கேட்டால் அது விடை கூறாது. இவ்விரண்டும் தம்முள் பொருந்தா என்று மறுத்துரைக்கும். பரப்பை நீளமாக மாற்ற முடியாது என்பதை அது அறிந்திருக்கிறது.

எவ்வாறு அறிகிறது? உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அலகுமுறையில் அடிப்படையானவை ஏழு. நீளம், நிறை, காலம், மின்னோட்டம், வெப்பநிலை, பொருளின் அளவு, ஒளிச்செறிவு என்பன அவை. ஏனைய அளவுகள் பலவும் இவ்வேழையும் பெருக்கியும் வகுத்தும் பெறப்படுவன. மென்பொருள் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஏழு சிற்றெண்களை வைத்துக்கொள்கிறது. அவை இவ்வேழு அளவுகளின் அடுக்குகள். விரைவு என்றால் நீளத்தின் அடுக்கு 1, காலத்தின் அடுக்கு -1, மற்றவை சுழி. இரண்டு அளவுகளைப் பெருக்கும்பொழுது அடுக்குகளைக் கூட்டிக்கொள்கிறது, வகுக்கும்பொழுது கழித்துக்கொள்கிறது. கூட்டவோ கழிக்கவோ சொன்னால், ஏழு அடுக்குகளும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறது, ஒத்திராவிடின் மறுத்துவிடுகிறது. அன்றியும், அலகு எதுவாயினும் அதை உள்ளே ஒரே அடிப்படை அலகுக்கு மாற்றிக்கொண்டு கணக்கிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் 30 நிமிடம் சென்ற வண்டி எவ்வளவு தொலைவு கடந்தது என்று கேட்டால், மணியையும் நிமிடத்தையும் வினாடியாக்கி, 20,000 மீட்டர் என்று காண்கிறது. வேண்டுமாயின் 20 கிலோமீட்டர் என்று மாற்றிச் சொல்கிறது.

இப்பொழுது கனடா விமானத்தின் கணக்கை இத்தகைய மென்பொருளில் இட்டுப் பார்க்கலாம். 7,682 என்று மட்டும் எழுதாமல் 7,682 லிட்டர் என்று எழுதவேண்டும். 1.77 என்று மட்டும் எழுதாமல், லிட்டருக்கு 1.77 பவுண்டு என்று எழுதவேண்டும். 22,300-க்குப் பின் கிலோகிராம் என்று எழுதவேண்டும். மென்பொருள் முதல் இரண்டையும் பெருக்குகிறது. லிட்டர் நீங்கிப் பவுண்டு நிற்கிறது. ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம் என்பது அதற்குத் தெரியும். ஆகவே, தொட்டியில் இருப்பது ஏறத்தாழ 6,168 கிலோகிராம் என்று கண்டு, அதனை 22,300 கிலோகிராமிலிருந்து கழிக்கிறது. எஞ்சியதை லிட்டருக்கு 1.77 பவுண்டு என்னும் அதே அளவால் வகுத்து, இன்னும் ஏறத்தாழ 20,100 லிட்டர் ஊற்றுக என்கிறது. விடை சரியாகவே வந்துவிட்டது!

இங்கு உற்று நோக்கவேண்டியது ஒன்று உண்டு. இக்கணக்கிலும் இட்டது அந்த 1.77 தான். விமானத்தை வானில் நிறுத்திய எண்ணும் அதுவே. சரியான விடையைத் தந்த எண்ணும் அதுவே. 1.77 பிழையான எண் அன்று. பெயர் எழுதப்படாத எண். தாளில் அதன் பக்கத்தில் 'பவுண்டு' என்னும் ஒரு சொல் எழுதியிருந்து, அதனை ஒருவர் படித்திருந்தால், 69 உயிர்கள் அன்று காற்றில் ஊசலாடியிரா.

ஆயினும், அலகை அறிந்த மென்பொருள் எல்லாப் பிழைகளையும் தடுத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அது அறியாத நுட்பங்களும் உண்டு. வெப்பநிலையை எடுத்துக்கொள்ளலாம். நீரின் வெப்பநிலை 10 செல்சியசு உயர்ந்தது என்றால், அது 10 கெல்வின் உயர்ந்தது என்றே பொருள். ஆனால் நீரின் வெப்பநிலை 10 செல்சியசு என்றால், அது 283.15 கெல்வின் ஆகும். முன்னது ஏற்றம், பின்னது நிலை. சொல்லும் எண்ணும் ஒன்றே, பொருள்தான் வேறு. மலையேறுவோன் 10 மீட்டர் ஏறினான் என்பதும், கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நின்றான் என்பதும் வேறல்லவா? அதுபோன்றதே இது. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்துவோர்தாம் மென்பொருளுக்குத் தெரிவித்தல் வேண்டும். மற்றும், ஆற்றலுக்கும் திருப்புவிசைக்கும் பரிமாணம் ஒன்றே. இரண்டிலும் நியூட்டனும் மீட்டரும் பெருகி நிற்கின்றன. ஏழு அடுக்குகளை மட்டும் பார்க்கும் மென்பொருள் இவ்விரண்டையும் கூட்டச் சொன்னால் கூட்டிவிடும். அங்கே தடுக்கவேண்டியது மனிதரின் அறிவே.

அலகுகளைப் போன்றே கவனத்துடன் கையாளவேண்டியவை இயற்பியல் மாறிலிகள். ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்னூட்டம், ஈர்ப்பு மாறிலி முதலியவை ஆய்வுக் கணக்குகள் பலவற்றில் இடம்பெறுவன. மென்பொருள்கள் இவற்றைத் தம்முள் வைத்திருந்து, பெயரைச் சொன்னவுடன் எடுத்துத் தருகின்றன. இங்கும் இடர் உண்டு. ஆங்கில எழுத்துகள் 26. அறிவியல் அளவுகளோ எண்ணிறந்தன. ஆகவே, ஒரே எழுத்து பலவற்றைச் சுட்டுகிறது. 'ஜி' என்னும் சிறிய எழுத்து கிராமையும் குறிக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தையும் குறிக்கும். 'எச்' என்பது மணிக்கும் பிளாங்க் மாறிலிக்கும் பொது. 'ஈ' என்பது 2.718 எனத் தொடங்கும் கணித எண்ணாகவும் இருக்கலாம். எலக்ட்ரானின் மின்னூட்டமாகவும் இருக்கலாம். ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருந்தால், ஆசிரியர் தந்தை பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அழைப்பதில்லையா? மென்பொருளில் மாறிலிக்குப் பெயரிடுவோரும் அவ்வாறே ஐயத்திற்கு இடமின்றி முழுப்பெயர் இட்டு வழங்குதல் நன்று.

மாறிலி என்று பெயர் பெற்றவையெல்லாம் மாறாதவை என்று கொள்ளுதலும் தவறு. புவியீர்ப்பு முடுக்கத்திற்கு 9.80665 என்னும் மதிப்பு 1901-ஆம் ஆண்டில் பொது அளவாக ஏற்கப்பட்டது. மென்பொருள்களில் உள்ளது அதுவே. ஆனால் நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 9.78, துருவங்களில் ஏறத்தாழ 9.83. நுட்பமான ஆய்வு செய்வோர் தாம் நிற்கும் இடத்தின் மதிப்பை அறிந்து இடவேண்டும்.

உண்மையான மாறிலிகள் மாறுவதில்லை. ஆனால் அவற்றைப் பற்றி மனிதர் அறிந்த அறிவு மாறிக்கொண்டே வருகிறது. ராபர்ட் மில்லிகன் என்னும் அமெரிக்க அறிஞர், எண்ணெய்த் துளிகளைக்கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913-இல் வெளியிட்டார். அவருடைய உழைப்பு அரியது. ஆயினும், காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட எண் சிறிது குறைவாக இருந்தமையால், அவர் கண்ட மின்னூட்டமும் சிறிது குறைவாகவே அமைந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அப்பிழை தெளிவாயிற்று. கணக்கில் ஓரிடத்தில் நுழைந்த ஒரு மாறிலியின் குறை, அறிஞர் ஒருவருடைய முடிவையும் சாய்த்துவிட்டது.

அண்மையில் பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பாரிசு நகரை அடுத்த இடமொன்றில் பாதுகாத்து வைக்கப்பட்ட உலோகக் கட்டி ஒன்றே 1889 முதல் கிலோகிராமுக்கு மூல அளவாக இருந்து வந்தது. 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் முதல் அக்கட்டிக்கு அப்பெருமை இல்லை. அன்றுமுதல் பிளாங்க் மாறிலிக்கு ஒரு திட்டமான மதிப்பை வகுத்து, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகின்றனர். எலக்ட்ரானின் மின்னூட்டமும் அவ்வாறே திட்டமான மதிப்பைப் பெற்றது. ஒளியின் வேகம் வினாடிக்கு 2,99,792,458 மீட்டர் என்பது 1983-ஆம் ஆண்டிலேயே அவ்வாறு வகுக்கப்பட்டது. மாறாக, வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் என்னும் மாறிலி அதுவரை திட்டமாக இருந்தது. அந்நாள் முதல் அளந்து அறியவேண்டிய ஒன்றாயிற்று. பழைய மென்பொருளில் எழுதிவைத்த எண், எழுதிய நாளில் சரியே. ஆனால் காலம் நகர்ந்துவிட்டது. ஈர்ப்பு மாறிலியோ இன்றும் ஓரளவே அறியப்பட்டது; பத்து இலக்கம் வரையில் எழுதினாலும் முதல் நான்கு இலக்கத்திற்கு மேல் உறுதி கூறுதல் அரிது.

ஆதலால், அறிவுடையோர் மாறிலிகளைக் கண்ட கண்ட இடத்தில் எழுதுவதில்லை. நிரலின் தொடக்கத்தில் ஓரிடத்தில் தொகுத்து வைக்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் பெயர், மதிப்பு, அலகு ஆகியவற்றோடு, எவ்வளவு வரை பிழைபடக்கூடும் என்பதையும், எந்த ஆண்டு அட்டவணையிலிருந்து எடுத்தது என்பதையும் குறித்து வைக்கின்றனர். கோடேட்டா என்னும் உலக அறிவியல் குழு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்மதிப்புகளை ஆராய்ந்து அட்டவணையாக வழங்கி வருகிறது. புதிய அட்டவணை வந்ததும் ஓரிடத்தில் திருத்தினால் போதும். நிரல் முழுவதும் திருந்திவிடும்.

இவையெல்லாம் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கும் விண்கலம் விடுவோர்க்கும் உரியவை என்று ஒரு மாணவன் எண்ணக்கூடும். அவ்வாறன்று. விடைத்தாளில் விடையின் மதிப்பைச் சரியாக எழுதி அலகை விட்டுவிட்ட மாணவனுக்கு ஆசிரியர் அரை மதிப்பெண் குறைக்கிறார். "கணக்குச் சரிதானே! இதற்குப் போய்க் குறைக்கலாமா?" என்று அவன் வருந்துகிறான். மாண்ட்ரியலில் போட்ட கணக்கும் சரிதான். செவ்வாய்க்குச் சென்ற கலத்தின் கோப்பிலிருந்த எண்களும் சரிதான். ஆசிரியர் குறைக்கும் அந்த அரை மதிப்பெண், பிற்காலத்தில் அவன் செலுத்தவேண்டிய பெரும் விலையை முன்னரே சிறிதளவில் காட்டுவதாகும்.

எண்ணை எழுதுவோன் அதன் பொருளை அறிந்தே எழுதுகிறான். ஆகவே, அலகை எழுதுதல் அவனுக்கு மிகையாகத் தோன்றும். ஆனால் எழுதப்பட்டவை எழுதியவனுக்காக மட்டும் இருப்பன அல்ல. அவற்றை நாளை வேறொருவர் படிப்பர். வேறொரு நாட்டில் வேறோர் அளவையில் பழகியவர் படிப்பர். ஒன்றும் கேட்கத் தெரியாத பொறியும் படிக்கும். அவர்கள் கேட்பதற்கு முன்பே விடையை எழுதிவைப்பதே அலகை எழுதுதல். அது கணிதத்தின் விதி மட்டும் அன்று. பிறர்க்குச் செய்யும் கடமையும் ஆகும். எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதும் பழக்கம் இளமையிலேயே கைவரப் பெற்றவன், பின்னாளில் எத்தகைய பொறியை இயக்கினாலும் அதனை நெறியில் செலுத்த வல்லவன் ஆவான்.